விளக்கு வலப்பக்கம்

யானினா, 10 ஏப்ரல் 1979

அன்புள்ள தம்பி லாம்ப்ரோஸ்,

நீயும் பொலிக்ஸேனியும் சுகமாக இருக்கிறீர்களா? உன் முட்டிவலி படியேற விடுகிறதா? இங்கே ஏரியும் நானும் சௌக்கியம். தவளைகள் எங்களைவிடச் சௌக்கியம், ஒருவரையும் தூங்கவிடுவதில்லை.

கடிதம் தட்டச்சில் இருக்கிறதே என்று மூக்கைச் சுளிக்காதே. பழைய பொறி ஒன்று மலிவாகக் கிடைத்தது, வாங்கிவிட்டேன். ஓவியக்காரிக்கு எதற்கு இது என்று கேட்பாய். கேட்டுக்கொண்டே இரு.

விஷயம் இதுதான். பேருந்து ஓட்டுநர் தேமிஸிடம் ஒரு பொட்டலம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். உள்ளே என் பயணக் குறிப்பேடு. போன அக்டோபரில் கத்தாரா கணவாயைத் தாண்டி கஸ்திராக்கிக்குப் போனேன் அல்லவா, குளிர்காலம் முழுக்க அங்கே சிநேகிதி வீட்டில் இருந்துவிட்டு மார்ச்சில் அதே வழியாகத் திரும்பினேன். போகும்போதும் வரும்போதும் ஓடுகிற பேருந்திலேயே மடியில் வைத்து மையில் எழுதியது இது. எழுத்தும் படமும் கலந்து கிடக்கும், பிரித்துப் பார்க்காதே.

நீ கலைக்கூடம் நடத்துகிறவன். உனக்கு வேறு என்ன இல்லாவிட்டாலும் கண் இருக்கிறது. இது உன் அக்காவுடையது என்பதை மறந்துவிடு. யாரோ ஒருத்தி பேருந்து இருக்கையில் விட்டுப்போனது என்று வைத்துக்கொண்டு பார். பார்த்துவிட்டு, இதை எழுதியவள் இனியும் இந்தத் தொழிலில் இருக்கலாமா கூடாதா என்று சொல். சந்தைத் தெருத் துணிக்கடையில் ஆள் கேட்கிறார்கள். உன் பதிலை வைத்துத்தான் அங்கே போவதா என்று முடிவு செய்யப்போகிறேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

உபவாசம் முடிகிறவரை உன் மனைவி கண்ணில் படாமல் கறி தின்னாதே.

உன் அக்கா,
அசிமினா

*

வோலோஸ், 2 மே 1979

அன்புள்ள அக்கா,

கிறிஸ்து உயிர்த்தெழுந்தார். பண்டிகை நல்லபடியாகக் கழிந்ததா? சிவப்பு முட்டை உடைக்கிற போட்டியில் இந்த வருடமும் பொலிக்ஸேனிதான் ஜெயித்தாள். முட்டியைக் கேட்டாய். அது தன் பாட்டுக்கு இருக்கிறது, நான் என் பாட்டுக்கு நொண்டுகிறேன்.

துணிக்கடைக்காரனிடம் வேறு ஆள் பார்க்கச் சொல். குறிப்பேட்டைத் திறந்த அன்று நான் மதியச் சாப்பாட்டை மறந்துவிட்டேன் என்றால் உனக்குப் புரியும்.

எங்கள் கலைக்கூடக் குழுத் தலைவர் கேப்டன் திரஸீவுலோஸை உனக்குத் தெரியாது. கப்பலில் காலம் தள்ளியவர். செப்டம்பர் கண்காட்சிக்குப் பெரிய கூடத்தில் கப்பல் மாதிரிகளை வைக்கவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவர். உன் நோட்டை நீட்டினேன். "எழுத்தே வெளங்கலையேப்பா. வர்றவங்க படிக்க வேணாமா? டைப் அடிச்சுக் கொண்டா, பாக்கலாம்" என்றார். அடித்துக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உரக்கப் படித்தார்: "மழை. பாலாடைக்கட்டி டின் காலை இடிக்கிறது. மெட்சோவோவில் காப்பி சுமார். மறுபடி மழை." தாளைக் கீழே வைத்துவிட்டு, "இதுக்கா என் கப்பலையெல்லாம் வெளிய தூக்கிப் போடச் சொல்ற?" என்று கேட்டார்.

அதே பக்கத்தை உன் நோட்டில் திறந்து பக்கத்தில் வைத்தேன். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு வரி மேல் விரலை ஓட்ட ஆரம்பித்தார். "இங்க வண்டிய ஒடிச்சுத் திருப்பியிருக்கான். இங்க பிரேக் போட்டிருக்கான். இது ஏத்தம், வண்டிக்கு மூச்சு வாங்குது பாரு." ஒரு சொல்லைக்கூட அவர் படிக்கவில்லை, அக்கா. பாதை முழுவதையும் பார்த்துவிட்டார். கடைசியில் நோட்டை என்னிடம் கொடுக்க மனமில்லாமல் கொடுத்தார். பெரிய கூடம் உனக்குத்தான்.

பனியில் வெளியே அலையாதே. சாப்பிட்டதும் படுக்காதே.

உன் தம்பி,
லாம்ப்ரோஸ்

*

யானினா, 9 மே 1979

தம்பி,

அவர் மெய்யாகவே உயிர்த்தெழுந்தார். எல்லோரும் நலந்தானே?

உன் கடிதத்தைப் படித்துவிட்டு வீட்டுக்குள்ளேயே நாலு நடை நடந்தேன். கேப்டனுக்கு என் வணக்கம். அவர் கப்பல்களிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்.

ஆனால் நீ பாதிதான் சொல்லியிருக்கிறாய். மெட்சோவோக் காப்பி நான் போகும்போது குடித்தது. நோட்டில் போகிற பாதையும் இருக்கிறது, திரும்புகிற பாதையும் இருக்கிறது. இரண்டையும் தனித்தனியாகச் சொல். எனக்குத் திரும்புகிற பாதைதான் முக்கியம். ஏன் என்று கேட்காதே.

பொலிக்ஸேனிக்கு முத்தம். உன் முட்டிக்கு ஆட்டுக்கொழுப்பைச் சூடுபண்ணித் தேய்.

அசிமினா

*

வோலோஸ், 28 மே 1979

அன்புள்ள அக்கா,

நாங்கள் நலம். ஆட்டுக்கொழுப்பு தேய்த்தேன். முட்டி அப்படியேதான் இருக்கிறது, தெரு நாய்கள் மட்டும் பின்னாலேயே வருகின்றன.

கேட்டாய், சொல்கிறேன். போகிற பக்கங்களில் எழுத்து பொடியாக, நெருக்கமாக, ஜன்னல் பக்கம் உட்கார இடம்பிடிக்கிற கூட்டம் மாதிரி இருக்கிறது. பேருந்து ஜன்னலை வரையாமல் வெறும் கட்டமாக விட்டு, அதைச் சுற்றி எழுத்தை ஓடவிட்டிருக்கிறாயே, அதை அரைமணி பார்த்தேன். அங்கங்கே கோடு திடீரென்று அறுந்து, ஒரு விரல் அளவு வெற்றிடம், பக்கத்தில் ஒரு மைத்துளி. இது என்ன என்று எனக்குப் பிடிபடவில்லை. பொலிக்ஸேனிதான் கண்டுபிடித்தாள். "இதுகூடவா தெரியல? ஒவ்வொரு கோவில் தாண்டும்போதும் சிலுவை போட்டிருக்காங்க. பேனா கையில இருக்கு, கை நெத்திக்குப் போகுது, மை தெறிக்குது" என்றாள். நானும் அவளும் வெற்றிடங்களைப் பார்த்துக்கொண்டே போனோம். முதலில் புனித நிக்கோலா, அப்புறம் மேட்டில் ஏலியா, மெட்சோவோ தாண்டினதும் பரஸ்கேவி. பாதையோரக் கோவில் ஒன்றையும் நீ விடவில்லை.

இப்போது திரும்புகிற பாதை. யாரோ ஒருத்தி என்று வைத்துப் பார்க்கச் சொன்னாயே, அப்படித்தான் பார்த்தேன். உண்மையில் வேறு ஒருத்தி எழுதியது போலத்தான் இருக்கிறது. எழுத்து பெரிதாகிவிட்டது. ஊர் திரும்ப மனமில்லாதவள் மாதிரி பின்னால் சாய்கிறது. ஒரு பக்கத்துக்கு ஏழெட்டுச் சொல்தான். அந்தச் சொற்களின் மேல் சாம்பல் நிறத்தில் ஒரு பனிமூட்டம் படர்ந்து, பாதி எழுத்தை மூழ்கடித்திருக்கிறது. மார்ச் மாதத்துக் கத்தாராவை இதைவிடச் சரியாக யாரும் வரைந்து நான் பார்த்ததில்லை. போகிற பக்கங்கள் கெட்டிக்காரத்தனமானவை. திரும்புகிற பக்கங்கள்தான் பெரியவை. உன் வாழ்நாளில் நீ செய்ததிலேயே இதுதான் உயர்ந்தது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன், சட்டம் போட்டு மாட்டிக்கொள். ஒன்றுதான் புரியவில்லை. பனியை எதை வைத்துப் போட்டாய்? லென்ஸ் வைத்துப் பார்த்தேன், தூரிகைத் தடமே இல்லை.

திறப்பு விழா செப்டம்பர் 15. கேப்டனுக்கு ஒரு யோசனை வந்து, எனக்கும் அது பிடித்துப்போனது. வாசல் சுவரில் ஆள் உயரத்துக்கு வெள்ளைத் தாள் ஒட்டுகிறோம். நீ வந்து எல்லார் முன்னாலும் உன் கையால் அதில் எழுதுகிறாய். உன் எழுத்து எப்படிப் பிறக்கிறது என்று ஊரே பார்க்கட்டும். அழைப்பிதழ் அச்சுக்குப் போய்விட்டது.

வெயில் தொடங்கிவிட்டது, தொப்பி போட்டுக்கொள்.

லாம்ப்ரோஸ்

*

யானினா, 12 ஜூலை 1979

அன்புள்ள தம்பி,

பதில் தாமதம். கோபித்துக்கொள்ளாதே. உடம்புக்கு ஒன்றுமில்லை. வெயில், கொசு, பக்கத்து வீட்டுச் சேவல், இவ்வளவுதான் இங்கே வியாதி. உங்கள் இருவருக்கும் எப்படி?

திரும்புகிற பக்கங்களைப் பற்றி நீ எழுதியதை நான் எத்தனை தடவை படித்தேன் என்று சொல்லமாட்டேன், உனக்குத் தலைக்கனம் ஏறிவிடும். தாள் மடிப்பில் கிழிந்துவிட்டது என்பதை மட்டும் சொல்கிறேன். துணிக்கடைக்காரனிடம் வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன்.

பனி தானாக வந்தது. மலையில் பனி எப்படி வரும், அப்படித்தான்.

சுவரில் எழுதுகிற வேலை மட்டும் வேண்டாம். நான் வரவில்லை. செப்டம்பரில் வீட்டுக் கூரைக்கு ஓடு மாற்றவேண்டும், ஆள் நின்று பார்க்காவிட்டால் உடைசல் ஓட்டை மாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். நோட்டு இருக்கிறது, அதைப் பார்க்கட்டும். என்னை எதற்குப் பார்க்கவேண்டும்?

பொலிக்ஸேனியை வெயிலில் துணி காயப்போட விடாதே, தலைவலி வரும்.

அசிமினா

*

வோலோஸ், 20 ஜூலை 1979

அக்கா,

நாங்கள் நலம், ஆனால் கோபம்.

கூரை ஓடாம். போன வருடம்தான் ஓடு மாற்றினாய், அதற்கு நான்தான் ஆள் அனுப்பினேன். அழைப்பிதழ் ஊரெல்லாம் போய்விட்டது. "ஓவியர் தம் கையால் எழுதித் திறந்து வைப்பார்" என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறது. கேப்டன் மீன்சந்தையில் பார்க்கிறவரையெல்லாம் நிறுத்தி, "பதினஞ்சாந்தேதி வந்துருங்க, அந்தம்மா சொவத்துல வண்டி ஓட்டிக் காட்டப்போறாங்க" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். கல்யாண வீட்டில் பெண்ணை ஒளித்துவைக்கிற மாதிரி இருக்கிறது உன் காரியம். கூட்டத்தைக் கண்டு பயப்படுகிறவளா நீ? பள்ளிக்கூட விழாவில் மேயரை அதட்டி உட்காரவைத்தவள்.

உடம்புக்கு ஏதாவது என்றால் சொல். மறைக்காதே.

இன்னொன்று. நோட்டைக் கண்ணாடிப் பெட்டியில் வைப்பதற்காகத் திரும்பத் திரும்பப் புரட்டுகிறேன். மெட்சோவோ பக்கத்துப் பரஸ்கேவி கோவில் இன்னும் இருக்கிறதா? போகிற பாதையில் அங்கே கோடு அறுந்திருக்கிறது, திரும்பும்போது அறவில்லை. கோவிலை இடித்துவிட்டார்களா, அல்லது நீ சிலுவை போடுவதை விட்டுவிட்டாயா?

நேரத்துக்குச் சாப்பிடு.

லாம்ப்ரோஸ்

*

யானினா, 30 ஜூலை 1979

தம்பி,

நலம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டுகிறேன்.

கோவில் இருக்கிறது. இருபத்தாறாம் தேதி திருநாளுக்குப் போய் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்தேன், உன் கோபம் தணியவும் சேர்த்துத்தான். சிலுவை போடாமல் நான் எந்தக் காலத்தில் ஒரு கோவிலைத் தாண்டியிருக்கிறேன்? போகும்போதும் போட்டேன், வரும்போதும் போட்டேன். என் பக்தியை அளக்கிற வேலையை உன்னிடம் யாரும் கொடுக்கவில்லை.

உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. விழாவுக்கு வரவில்லை. இதற்குமேல் வற்புறுத்தாதே.

அசிமினா

*

வோலோஸ், 17 ஆகஸ்ட் 1979

அன்புள்ள அக்கா,

மாதா திருநாளை நல்லபடியாகக் கொண்டாடியிருப்பாய். நாங்களும் மலைக்குப் போய்விட்டு வந்தோம். முட்டி பரவாயில்லை. பொலிக்ஸேனி உனக்கு அத்திப்பழ ஊறுகாய் போட்டுவைத்திருக்கிறாள்.

இனி வற்புறுத்தமாட்டேன். வருவதும் வராததும் உன் இஷ்டம். வராவிட்டால் கேப்டனை நான் சமாளித்துக்கொள்கிறேன், அவருக்குத் திட்ட வேறு ஆள் கிடைக்காமலா போகும்.

ஒருவேளை வந்தால் என்பதற்காக ஏற்பாட்டை மட்டும் எழுதிவைக்கிறேன். சுவரில் தாள் ஒட்டியாகிவிட்டது. மெதுவாகக் காய்கிற மைதான் வாங்கியிருக்கிறேன், நோட்டில் இருக்கிற அதே மை. மைப் புட்டிக்கு முக்காலி, சுவருக்கு இடப்பக்கம். விளக்கு வலப்பக்கம். பெயர்ப்பலகையில் உன் பிறப்பு, படிப்பு, பரிசு எல்லாம் போடவேண்டும் என்றார் கேப்டன். உன் பெயரும் பாதையின் பெயரும் போதும், வேறு ஒரு விவரமும் யாருக்கும் தேவையில்லை என்று சொல்லிவிட்டேன்.

நோட்டில் திறந்துவைத்திருப்பது திரும்புகிற பாதையில் பரஸ்கேவி வருகிற பக்கம்.

ஏரிக்காற்று குளிர ஆரம்பித்திருக்கும், சால்வை எடுத்துக்கொள்.

லாம்ப்ரோஸ்

*

யானினா, 25 ஆகஸ்ட் 1979

லாம்ப்ரோஸ்,

உன் நலம் பொலிக்ஸேனியின் நலம் எல்லாம் பிறகு கேட்கிறேன்.

விளக்கு வலப்பக்கம் என்று எழுதியிருக்கிறாய். வலக்கையால் எழுதுகிறவளுக்கு விளக்கை இடப்பக்கம் வைப்பார்கள், இல்லாவிட்டால் கையின் நிழல் எழுத்தின் மேல் விழும். இது உனக்குத் தெரியாததா? கலைக்கூடத்தில் முடி நரைத்தவன் நீ. அந்த வரியைப் படித்ததும் அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். பிறகு தட்டச்சுப் பொறியை மூடிவைத்துவிட்டு, பேனாவை எடுத்தேன். இந்தக் கடிதம் எந்தக் கையால் என்று உனக்குச் சொல்லவேண்டியதில்லை.

கஸ்திராக்கிக்குப் போய்ச் சேர்ந்த சில நாளிலேயே வலக்கை பேனாவைப் பிடிக்க மறுத்தது. பேனாவைத் தொட்டதும் கட்டைவிரல் உள்ளே மடங்கிக்கொள்ளும். டாக்டர் வேடிக்கையாகச் சொன்னார்: "ரொட்டி வெட்டலாம், பாத்திரம் கழுவலாம், சிலுவை போடலாம். எழுதத்தாம்மா விடாது. ஆயுசுக்கும் எழுதினவங்களுக்கு வர்ற நரம்புக் கோளாறு." ஒரு மாதம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு கிறிஸ்துமஸுக்கு முன்னால் இடக்கையில் பேனாவைக் கொடுத்தேன். முதலில் கோழி கிளறின மாதிரி இருந்தது. இடமிருந்து வலமாக எழுதும்போது உள்ளங்கை ஈர மையின் மேலேயே ஊர்ந்து எல்லாவற்றையும் தேய்த்துவிடும். எரிச்சலில் நிறையத் தாளைக் கிழித்தேன். ஒருநாள் அந்தத் தேய்ப்பைப் பார்த்தேன், ஜன்னலுக்கு வெளியே பனியைப் பார்த்தேன், பேசாமல் எழுத ஆரம்பித்துவிட்டேன். உன் லென்ஸுக்குக் கிடைக்காத தூரிகை என் உள்ளங்கைதான்.

உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்று உனக்குத் தெரிந்திருக்கும். சொல்லியிருந்தால் நீ அழுதுகொண்டே நன்றாயிருக்கிறது என்று எழுதியிருப்பாய். எனக்கு அந்த நன்றாயிருக்கிறது வேண்டாம். "கை போயும் எப்படி வரைஞ்சிருக்கா பாருங்க, பாவம்" என்று ஊர் சொல்வதும் வேண்டாம். விழாவுக்கு வரப் பயந்தது அதற்காகத்தான்.

ஒன்றை மட்டும் நேராகச் சொல். உனக்கு எப்போது தெரியும்?

அசிமினா

*

வோலோஸ், 30 ஆகஸ்ட் 1979

அன்புள்ள அக்கா,

நாங்கள் நலம். நீயும் நலம் என்று இப்போதுதான் நிம்மதியாக எழுதமுடிகிறது.

ஆகஸ்ட் தொடக்கத்தில் தெரியும். ஜூலையில் உன்னிடம் பரஸ்கேவியைப் பற்றிக் கேட்டேனே, அப்போது நீ பக்தியை விட்டுவிட்டாய் என்றுதான் நினைத்தேன். பொலிக்ஸேனி அடுப்பிலிருந்து திரும்பிப் பார்த்து, "யாரு, உங்க அக்காவா? கனவுல கோவில் வந்தாக்கூட எந்திரிச்சு சிலுவை போடுறவங்க அவங்க" என்றாள். பிறகு உன் பதில் வந்தது, வரும்போதும் போட்டேன் என்று. அவள் கரண்டியைப் பேனாவாகப் பிடித்துக்கொண்டு மேஜையில் உட்கார்ந்தாள். வலக்கையால் சிலுவை போட்டாள், கரண்டி நெற்றிக்குப் போனது. கரண்டியை இடக்கைக்கு மாற்றினாள், மறுபடி வலக்கையால் சிலுவை போட்டாள். கரண்டி மேஜையிலேயே ஓடிக்கொண்டிருந்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். அவள் சொன்னாள், "இப்ப கடுதாசிய எதுக்கு டைப் அடிக்கிறாங்கன்னு புரியுதா?" நானும் அழுதேன், மறைக்கவில்லை. குழம்பு தீய்ந்துவிட்டது.

ஆனால் தேதியைப் பார், அக்கா. திரும்புகிற பக்கங்கள்தான் பெரியவை என்று நான் எழுதியது மே 28. அந்தக் கடிதம் உன்னிடம்தான் இருக்கிறது, மடிப்பில் கிழிந்துபோய். அப்போது எனக்கு ஒன்றுமே தெரியாது. யாரோ ஒருத்தி என்று நினைத்துத்தான் பார்த்தேன். அந்த ஒருத்தி பெரிய ஓவியக்காரி.

இங்கே எங்கள் இருவருக்கு மட்டுமே தெரியும். கேப்டனிடம் சொல்லவில்லை. வா.

லாம்ப்ரோஸ்

*

பேருந்தில், 18 செப்டம்பர் 1979

அன்புள்ள தம்பி, அன்புள்ள பொலிக்ஸேனி,

கிளம்பும்போது பார்த்தபடியே சுகமாக இருப்பீர்கள். தேமிஸ் என்னை முன் இருக்கையில் உட்காரவைத்திருக்கிறான். அத்திப்பழ ஊறுகாய் காலடியில் பத்திரம்.

பொலிக்ஸேனி, கூட்டத்துக்குப் பின்னால் நின்ற உனக்குக் கேட்டிருக்காது. நான் இடக்கையில் பேனாவை எடுத்ததும் முன்வரிசையில் ஒருத்தி பக்கத்தில் இருந்தவளிடம், "இடதுகைக்காரி போல. எங்க மருமகளும் இப்படித்தான், சூப் கிண்டினாலும் எடது கைதான்" என்றாள். அவ்வளவுதான் பேச்சு. ஒருத்தர் வாயிலும் பாவம் என்ற சொல் வரவில்லை. நான் அதற்காகத்தான் பத்து மாதம் வாயைப் பொத்திக்கொண்டிருந்தேன், அது அந்த மருமகளைப் பற்றின பேச்சில் முடிந்துபோனது.

முதல் வரி எழுதச் சொல்லியிருந்தார்கள். மெட்சோவோவில் காப்பி சுமார் என்று எழுதினேன். எல்லோரும் சிரித்தார்கள், கேப்டன்தான் அதிகமாகச் சிரித்தார். பிறகு உள்ளங்கையை ஈர எழுத்தின் மேல் வைத்து மெதுவாக இழுத்தேன். பனி இறங்கியது. சிரிப்பு நின்றது. அந்த அமைதியில் நான் எதற்குப் பிறந்தேன் என்று எனக்குத் தெரிந்தது, தம்பி. இதைச் சொல்ல வெட்கப்படவில்லை.

கேப்டன் வந்து கைநீட்டினார். நான் வழக்கம்போல வலக்கையைக் கொடுத்தேன். "அது வேணாம்மா. எழுதின கையைக் குடுங்க" என்றார். உள்ளங்கை முழுக்க மை. அப்படியே பிடித்துக் குலுக்கிவிட்டு, தன் வெள்ளைக் கால்சட்டையிலேயே துடைத்துக்கொண்டார்.

உன் விளக்கு சரியான பக்கத்தில் இருந்தது.

புதிய நோட்டு ஒன்று வாங்கியிருக்கிறேன். வீட்டுக்குப் போய் ஆரம்பிக்கலாம் என்று நினைத்தேன், பொறுக்கவில்லை. முதல் பக்கத்தைக் கிழித்து இந்தக் கடிதம் எழுதுகிறேன், மெட்சோவோவில் காப்பிக்கு நிறுத்தும்போது தபாலில் சேர்ப்பேன். கணவாயைத் தாண்டி இறங்கிக்கொண்டிருக்கிறோம். தேமிஸ் வேகத்தைக் குறைக்கிறான், எல்லோரும் கையை எடுக்கிறார்கள், பரஸ்கேவி வருகிறாள். நானும் வலக்கையை நெற்றிக்குக் கொண்டுபோகிறேன்.

தாண்டிவிட்டோம். இந்த வரியைப் பார், எங்கும் அறவில்லை.

உங்கள்,
அசிமினா